மூன்றாம் மாடிக்குப் போகாத வாசகம்

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், மாதத்துக்கு நாலைந்து தடவை, ஏதோ மறந்துவிட்ட மாதிரி நின்றுவிடும். லிஃப்ட்காரர் பித்தான் பலகையைத் திறந்து, ஒரு கம்பியைத் தள்ளிவைத்து, உள்ளங்கையால் இரண்டு போடு போட்டால் கிளம்பும். அதற்கு ஐந்து நிமிஷமும் ஆகும், இருபது நிமிஷமும் ஆகும். அதற்குள் உள்ளே இருப்பவர்கள் படுகிற பாடு இருக்கிறதே! ஒருத்தர் கதவைப் பிடித்து உலுக்குவார். இன்னொருத்தர் வீட்டுக்குப் போன் போட்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். பத்தொன்பது வருஷமாக எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி லிஃப்ட்காரருக்கு வாய் வலித்துப்போனது.

வார்டு கட்டில்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு நாளில், டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்ததை வாங்கிவந்து, லிஃப்ட்டின் உள்சுவரில் அவர் இப்படி எழுதிவைத்தார்:

"லிஃப்ட் நடுவில் நின்றால் பயப்பட வேண்டாம். நானும் உள்ளேதான் இருக்கிறேன்."

எழுதிப் பழக்கமில்லாத கை. 'இருக்கிறேன்' என்று வரும்போது சுவர் தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டு எழுத்துகளைக் கீழே இறக்கிப் போட்டார். அதற்கப்புறம் லிஃப்ட் நின்றால் வாயைத் திறக்காமல் சுவரைக் காட்டுவார். ஜனங்கள் அதைப் படிப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், கொஞ்சம் அடங்குவார்கள்.

அந்த வாசகத்துக்கு மசியாத ஆள் ஒருத்தர்தான். கண்டக்டரம்மா. பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால், வாரத்துக்கு மூன்று நாள் மூன்றாம் மாடிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வருவார். உள்ளே வந்ததும் "ரைட், போலாம்!" என்று அவர் குரல் கொடுத்தால்தான் லிஃப்ட் கிளம்பும் என்பதுபோல ஆகியிருந்தது.

"நீ உள்ள இருந்து என்னய்யா பிரயோஜனம்?" என்பார். "வெளியில இருந்தாலாவது நாலு பேரைக் கூப்பிடலாம்."

"நீங்க இருக்கீங்களேம்மா, நீங்க போடுற சத்தத்துக்கே ஊர் கூடிடும்" என்பார் லிஃப்ட்காரர்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள், அத்தையைப் பார்க்க வந்த யாரோ ஒரு பெண், லிஃப்ட் நின்ற பன்னிரண்டு நிமிஷத்தில் பொழுது போகாமல் அந்தச் சுவரைப் படமெடுத்து இணையத்தில் போட்டாள். 'இன்று என்னை அழவைத்த வரி' என்று மேலே ஒரு தலைப்பு. அவ்வளவுதான். இரண்டே நாளில் ஊர் முழுக்க அழுதது. காதலில் தோற்றவர்கள் அழுதார்கள், தேர்வில் தோற்றவர்கள் அழுதார்கள், எதிலும் தோற்காதவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து அழுதார்கள். வாசகம் தேநீர்க் கோப்பையில் வந்தது, சட்டையில் வந்தது, தலையணை உறையில் வந்தது. லிஃப்ட்காரரின் மனைவி கடையில் அந்தக் கோப்பையைப் பார்த்து, "நீங்க எழுதினதுங்க!" என்று பூரித்துப்போய் ஒன்று வாங்கிவந்தார். அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் எழுதிய ஒரே வாக்கியம் அது.

மூன்றாம் நாள், அன்றாட ஊக்க ஆணையம் வந்து இறங்கியது.

மக்களுக்கு ஊக்கம் குறைந்துபோய்விட்டது என்று யாரோ அறிக்கை கொடுத்ததன்பேரில் அமைக்கப்பட்ட ஆணையம் அது. கலை, வடிவமைப்பு, நூல், இணையம் என்று நாலு பிரிவு. அன்றாட வாழ்க்கையிலிருந்து வருஷத்துக்குப் பன்னிரண்டு ஊக்கங்களைக் கண்டுபிடித்து மக்களுக்கு வழங்க வேண்டும். அந்த வருஷம் ஏழோடு நின்றுபோயிருந்தது. அதிலும் ஒன்று வெறும் வாளி.

நாலு பிரிவுக்கும் நாலு அதிகாரிகள் லிஃப்ட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கலை அதிகாரி பச்சை நிறத்தைப் பார்த்து, "நோயின் நிறத்திலேயே நம்பிக்கையை எழுதியிருக்கிறார்" என்றார்.

"கட்டில் பெயின்ட்டுங்க அது" என்றார் லிஃப்ட்காரர்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடிவமைப்பு அதிகாரி கீழே இறங்கிய இரண்டு எழுத்துகளையும் அளவுகோல் வைத்து அளந்து, "இது சரிவு இல்லை, இது பணிவு" என்று குறித்துக்கொண்டார். நூல் அதிகாரி இரண்டே வாக்கியத்தில் முடிகிற இதை ஒரு முழு நூலாகவே கருத வேண்டும் என்றார். பிறகு அதற்கு நூற்றெண்பது பக்கத்தில் விளக்கவுரையும் வெளியிட்டார். இணைய அதிகாரி எதுவும் சொல்லவில்லை. தன்னையும் வாசகத்தையும் சேர்த்துப் படமெடுக்கும் வேலையில் இருந்தார்.

"எந்த மாடிங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். நாலு பேரும் அந்தக் கேள்வியையே ஒரு தத்துவம்போல உள்வாங்கிக்கொண்டு தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. லிஃப்ட் அசைந்தால் பெயின்ட் உதிரும் என்பதால், அன்றாட ஊக்கம் எண் எட்டு என்று அறிவிக்கப்பட்ட அந்த லிஃப்ட் இனிமேல் அசையக் கூடாது. தரைத்தளத்திலேயே நிற்கும். பார்வையாளர்கள் முன்பதிவு செய்துகொண்டு எட்டெட்டுப் பேராக வந்து, தலைக்கு நான்கு நிமிஷம் உள்ளே நின்று ஊக்கம் பெறலாம். கதவு மூடும், விளக்கு விட்டுவிட்டு எரியும், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதுபோல ஓர் உணர்வு உண்டாக்கப்படும்.

அந்த உணர்வை உண்டாக்க முதலில் லிஃப்ட்காரரையே உள்ளே நிறுத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. ஆள் ஏறியதும் அவர் கை தானாகப் பித்தான் பக்கம் போனது. அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "தலைவலி, காய்ச்சல் எல்லாம் ஒண்ணாவது மாடிம்மா" என்று சொல்லிவிட்டார். ஆகவே அவருக்குப் பதிலாக ஒரு நாடக நடிகரை நியமித்தார்கள். நடிகர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, மெதுவாகத் திரும்பி, தழுதழுத்த குரலில், "நானும் உள்ளேதான் இருக்கிறேன்" என்பார். பார்வையாளர்கள் பிழிந்தெடுத்த துணியாக வெளியே வருவார்கள்.

உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டார். அவருடைய மார்பில் 'படிக்கட்டு ஊக்குநர்' என்று ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள். படியேறும் நோயாளிகளைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டியது வேலை.

அந்தக் கட்டடத்தில் வேறு லிஃப்ட் இல்லை. சாய்தளம் ஒன்று கட்டியிருந்தார்கள். ஆனால் அதில் உடைந்த கட்டில்களை அடுக்கி வெகுகாலமாகிவிட்டது. மூன்றாம் மாடிக்கு எழுபத்திரண்டு படி. ஆணையம் இதையும் யோசிக்காமல் விடவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு வாசகம் ஒட்டிவிட்டது. 'ஒவ்வொரு படியும் ஒரு பரிசு', 'உன் கால்களுக்கு நன்றி சொன்னாயா?', 'மூச்சு வாங்குவது உயிரின் கைதட்டல்'.

கண்டக்டரம்மா முதல் நாள் முப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். பாதம் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்றது. மகள் ஒரு பக்கமும் லிஃப்ட்காரர் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். கண்டக்டரம்மா மூச்சு இழுத்து இழுத்து, 'ஒவ்வொரு படியும் ஒரு பரிசு' என்று ஒட்டியிருந்ததைப் படித்தார்.

"இதை ஒட்டினவனைக் கூட்டிட்டு வாய்யா" என்றார். "என் ரெண்டு கிட்னியையும் அவனுக்குப் பரிசாக் கொடுக்கிறேன்."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. தான் எழுதிய ஒரு வரி இந்த அம்மாவை இங்கே உட்கார வைத்திருக்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பு நின்றது.

நேராகக் கண்காணிப்பாளர் டாக்டரிடம் போனார். கண்காணிப்பாளர் நல்ல மனுஷர். எல்லாவற்றுக்கும் வருத்தப்படுவார், அதோடு நிறுத்திக்கொள்வார்.

"எனக்கும் மனசு கேக்கலப்பா" என்றார். "ஆனா ஒண்ணு நினைச்சுப் பாரு. எலி கடிச்சது, மருந்து இல்லைன்னுதான் நம்ம ஆஸ்பத்திரி இதுவரைக்கும் செய்தியில வந்திருக்கு. முதல் தடவையா நல்ல விதமா வருது. இப்பப் போயி லிஃப்ட் ஓடணும்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"லிஃப்ட் ஓடணும்னு கேக்கறதுல என்ன சார் இருக்கு?"

"அதைத்தாம்பா நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லி, யோசிக்க ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆணையத்தின் தலைமை அலுவலகத்துக்கே போனார். ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் நிற்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. தொழில் தெரிந்தவர் என்பதால் அதை மெச்சினார். மெச்சிய கையோடு கோபமும் ஏறியது.

புகார் எழுத வேண்டும் என்றதும் ஆறாம் மாடி வரவேற்பில் இருந்த பெண் திடுக்கிட்டாள். "புகார்னு இங்க எதுவும் கிடையாதுங்க. அனுபவப் பகிர்வுப் படிவம்தான் இருக்கு."

படிவத்தில் முதல் கேள்வி: 'நீங்கள் ஊக்கம் பெற்றீர்களா?' பதில்கள் இரண்டு. 'ஆம்', 'மிகவும் ஆம்'.

"இல்லைன்னு ஒண்ணு போடலையாம்மா?"

"இல்லைன்னு யாரும் இதுவரைக்கும் சொல்லலைங்க."

"எப்படிம்மா சொல்லுவாங்க? எழுத இடம் விட்டாத்தானே?"

அவள் இதற்கும் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்காமல் ஆறு மாடியும் படியிலேயே இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு கண்டக்டரம்மா இரண்டு முறை வரவில்லை. லிஃப்ட்காரர் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். "ஏற முடியலைண்ணே, வரலைன்னு பிடிவாதமா படுத்துட்டாங்க" என்றாள். பஸ் படிக்கட்டில் முப்பது வருஷம் தொங்கிக்கொண்டு போன அம்மா. இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்பது மூன்றாம் மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்கியவருக்குத் தெரியாதா? "எப்படியாவது கூட்டிட்டு வந்திரும்மா. நான் முதுகுல தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

அவர்கள் வந்து சேர்ந்த நாள், ஆணையம் ஆஸ்பத்திரியில் நடத்திய ஊக்க வாரத்தின் தொடக்க நாளாக அமைந்துவிட்டது.

தரைத்தளம் முழுக்க நாற்காலி. லிஃப்ட்டைச் சுற்றிப் பட்டுக்கயிறு. சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஏணியையும் சுரண்டுகிற தகட்டையும் மூலையில் சாத்திவிட்டு, அவர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணையத் தலைவர் மைக் முன்னால் நின்றார். வெளுத்த பருத்தி அங்கவஸ்திரம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"நண்பர்களே, ஓடுகிற லிஃப்ட்டை யாரும் பார்ப்பதில்லை. அதில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். பத்தொன்பது ஆண்டுகள் இந்த மகத்தான படைப்பு அவ்வாறு அவமதிக்கப்பட்டது. நாம்தான் அதை நிறுத்தினோம். நிறுத்தியதால் அது உயர்ந்தது! சிலர் கேட்கிறார்கள், நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று. நோயாளிகளை நாங்கள் மறக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த வரிக்கு ஆழம் ஏது? அவர்கள் தொடர்ந்து நோயாளிகளாக இருந்து ஒத்துழைக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. கண்டக்டரம்மா அதில் கிடந்தார். முகம் ஊதி, கண் பாதி மூடி, மூச்சு கரகரவென்று தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மகள் செருப்புகூடப் போடாமல் கூடவே ஓடி வந்தாள். ஸ்ட்ரெச்சரை மாடிக்குத் தூக்க நாலு ஆள் வேண்டும். வார்டு பணியாளர்களில் இரண்டு பேரைப் பூச்செண்டு கொடுக்க நிறுத்தியிருந்தார்கள், மற்றவர்களை நாற்காலி போட அனுப்பியிருந்தார்கள். அப்படியே ஆள் கிடைத்தாலும், வளைவில் திரும்பாத படிக்கட்டு அது.

லிஃப்ட்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தலைவர் முன்னால் போய் நின்றார். "ஐயா, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை மேல போயிட்டு வந்திடறேன்."

தலைவர் கனிவாகப் பார்த்தார். "நீங்கள்தானே அந்த அரிய வரியை எழுதியவர்? உங்களுக்கே தெரியாதா அதன் அருமை? அசைந்தால் உதிர்ந்துவிடும் ஐயா."

"அந்த அம்மா உதிர்ந்திடுவாங்க!"

தலைவருக்கு இந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. நூல் அதிகாரியைப் பார்த்தார். அவர் குறித்துக்கொண்டார். அதற்குள் இணைய அதிகாரி ஸ்ட்ரெச்சரைக் கவனித்துவிட்டு ஓடி வந்தார். "சார், அந்த அம்மாவை அப்படியே லிஃப்ட் வாசல்ல வச்சா பின்னணி அருமையா வரும். எடுத்துட்டா அப்புறம் கொண்டுபோகட்டும்."

"நல்ல யோசனை" என்றார் தலைவர். "கொஞ்சம் இடது பக்கமாக."

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து இடது பக்கம் தள்ளினார்கள். மகள், "ஐயோ, அம்மாவைப் பாருங்களேன்!" என்று கத்தினாள். யாரோ அவளைப் படத்திலிருந்து நகரச் சொன்னார்கள்.

லிஃப்ட்காரர் தலைவரை விட்டு விலகினார். பத்தொன்பது வருஷத்தில் யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர். அப்போதும் உயர்த்தவில்லை. வடிவமைப்பு அதிகாரியிடம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இந்த எழுத்து இருக்கறதாலதானே சார் இது ஓடக்கூடாது?"

"ஆமாம். விதி அப்படி."

"எழுத்து இல்லேன்னா?"

அதிகாரி விதிமுறையில் கெட்டிக்காரர். யோசிக்காமலே ஒப்பித்தார். "எழுத்து இல்லாத பட்சத்தில் அது சாதாரண லிஃப்ட். ஆணையத்தின் வரம்புக்குள் வராது."

லிஃப்ட்காரர் மூலையிலிருந்த தகட்டை எடுத்தார். பட்டுக்கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். 'லிஃப்ட்' என்ற சொல்லில் தொடங்கினார். பச்சைப் பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. கீச்சென்ற சத்தம் ஒலிபெருக்கியில் ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது. 'பயப்பட வேண்டாம்' போனபோதுதான் கலை அதிகாரி "ஐயோ, படைப்பு! படைப்பு!" என்று அலறினார்.

காவலர்கள் ஓடி வந்தார்கள். லிஃப்ட் வாசலில் காக்கிச் சட்டை போட்ட நடிகர் குறுக்கே நின்றார். மூன்று வாரமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த வரியைச் சொல்லி அழுதவர். "விடுங்க, முடிக்கட்டும்" என்றார். காவலர்களுக்கு யார் உண்மையான லிஃப்ட்காரர் என்று குழப்பம் வந்துவிட்டது. அந்தக் குழப்பம் போதுமானதாக இருந்தது.

கடைசி இரண்டு எழுத்துகளுக்கு வந்தபோது லிஃப்ட்காரரின் கை ஒரு கணம் நின்றது. அவ்வளவு அசிங்கமாக இறங்கிக்கிடந்த அந்த இரண்டும்தான் அவருக்கு ரொம்பப் பிடித்தவை. பிறகு அதையும் சுரண்டினார்.

"இப்ப இது சாதாரண லிஃப்ட்" என்றார். "ஒதுங்குங்க."

சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. ஓடாத லிஃப்ட்டுக்குச் சாவி தேவையில்லை என்பதால் ஆணையம் அதைக் கேட்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை மகளும் மறு முனையை நடிகரும் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். கதவை இழுத்து மூடினார். தலைவரின் வாய் திறந்தபடியே தரைத்தளத்தில் நின்றது. லிஃப்ட் மேலே போனது. அன்றைக்கு அது எங்கேயும் நிற்கவில்லை.

கண்டக்டரம்மா பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். இரண்டாம் நாள் கண் விழித்து, யார் தூக்கிவந்தது என்று கேட்டு, கேட்டபின் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

விசாரணை அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரிகள் மூன்று பேரும் லிஃப்ட்டில்தான் மேலே போனார்கள். ஓட்டத் தெரிந்தவர் குற்றவாளி ஒருத்தர்தான் என்பதால் அவரே கூட்டிப்போனார்.

"நீர் அழித்தது யாருடைய படைப்பு?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"லிஃப்ட்காரனோடதுங்க."

"அவருடைய அனுமதி பெற்றீரா?"

"கொடுத்தாருங்க."

"எழுத்து மூலமாகவா?"

"எழுத்தைத்தான் சுரண்டிட்டேனேங்க."

மூன்று பேரும் கலந்து பேசி, எழுத்து மூலமான அனுமதி இல்லை என்று பதிவு செய்தார்கள். ஆறு மாதத் தற்காலிகப் பணிநீக்கம் என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் குமாஸ்தா உத்தரவைக் கொடுத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அடுத்த ஆள் எப்ப வருவாருங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"அதுக்கு விளம்பரம் கொடுக்கணும், ஆள் எடுக்கணும். ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் லிஃப்ட்?"

"ஆள் இல்லாம ஓட்டக்கூடாது. பூட்டித்தான் வைக்கணும்."

லிஃப்ட்காரர் உத்தரவை இன்னொரு தடவை படித்தார். கீழே லிஃப்ட்டுக்குக் காத்து நின்றவர்களைப் பார்த்தார். குமாஸ்தாவின் நீட்டிய கையைப் பார்த்தார். சாவியை எடுத்தார், மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார், கீழே இறங்கிப் போய் லிஃப்ட் கதவைத் திறந்து உள்ளே நின்றார்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணி வரை, சம்பளமில்லாமல், கையெழுத்துப் போடாமல், ஆட்களை ஏற்றி இறக்கினார். வீட்டில் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கட்டிக்கொடுத்தார். கண்காணிப்பாளர் டாக்டர் தினமும் அவரைப் பார்த்து வருத்தப்பட்டு, அவருடைய லிஃப்ட்டிலேயே மேலே போனார்.

பத்தாம் நாள் ஆணையத்திலிருந்து ஒரு கடைநிலை ஊழியர் ஓலையோடு வந்தார். 'பணிநீக்கக் காலத்தில் அனுமதியின்றிப் பணியாற்றிய குற்றத்துக்கு விளக்கம் கோரி' என்று தொடங்கியது. லிஃப்ட்காரர் நின்றபடியே படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டுக் கொடுங்கண்ணே" என்றார் ஊழியர். "அப்புறம் நாலாவது மாடியில ஆபீஸ் முத்திரை வேற வாங்கணும். எனக்கு முட்டிவலி வேற."

"ஏறுங்க, மேல போய்ப் போட்டுத் தரேன்" என்றார் லிஃப்ட்காரர். "கொஞ்சம் சுவரோரமா நில்லுங்க. ஸ்ட்ரெச்சர் வருது."